நைலான் வலைக் கழிவும் பிபியும்: தோல் உரியாத கலவை எடுக்க முழுமையான வழிகாட்டி

இரண்டு பிளாஸ்டிக்கை எடை போட்டு, மெஷினின் மேல் உள்ள சரக்குத் தொட்டியான ஹாப்பரில் ஒன்றாகக் கொட்டி, உருக்கி எடுத்தால் கலவை வந்துவிடும் என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். குருணை பார்க்க நன்றாகவே இருக்கும். அதை மோல்டில் போட்டு ஒரு பட்டை எடுத்து, கையால் வளைத்துப் பாருங்கள். வளைந்த இடத்தில் மேல்தோல் வெங்காயச் சருகு போலத் தனியாக உரிந்து வரும்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கலவையை எடுத்துக்கொள்கிறேன். பழைய மீன்வலையில் இருந்து வரும் நைலான் 6, எடையில் 70%. மீதி 30% பாலிபுரொப்பிலீன், அதாவது பிபி. வேறு ஜோடிகளுக்கும் படிகளின் வரிசை கிட்டத்தட்ட இதேதான். இரண்டையும் ஒட்டவைக்கச் சேர்க்கும் இணைப்பானும் வெப்ப அளவும் மட்டும் மாறும்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இணைப்பானைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை. அதற்கு முந்தைய வேலைகளில்தான் தடுமாறுகிறார்கள், முக்கியமாக உலர்த்துவதில். அதனால் அங்கே கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

1. ஏன் ஒட்டுவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

நைலான் தண்ணீரை விரும்பும் பொருள். பிபி மெழுகு போன்றது, தண்ணீரை ஏற்காது. உருகிய நிலையிலும் இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் போலத்தான் இருக்கும். ஸ்க்ரூ எவ்வளவு கடைந்தாலும் பிபி சிறு சிறு துளிகளாக நைலானுக்குள் மிதக்குமே தவிர, கரையாது.

ஆக, நம் வேலை கரைப்பது இல்லை. துளியைச் சிறிதாக்க வேண்டும், அந்தத் துளியை நைலானோடு கட்டிப்போட வேண்டும். கட்டிப்போடாத கலவையில் துளிகள் பத்து மைக்ரான் அளவுக்கும் பெரிதாக இருக்கும். நன்றாக இணைந்த கலவையில் ஒரு மைக்ரானுக்கும் கீழே போய்விடும்.

கட்டிப்போடுவது கம்பாட்டிபிலைசர், தமிழில் இணைப்பான் என்கிறேன். இங்கே அது மேலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை ஒட்டவைத்த பிபி. அதன் உடம்பு பிபிதான், அதனால் பிபி துளியோடு பின்னிக்கொள்ளும். அதில் ஒட்டியிருக்கும் அன்ஹைட்ரைடு, நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியின் முனையில் உள்ள அமீன் என்ற அணுத்தொகுதியோடு வினைபுரிந்து நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும். இந்தப் பிணைப்பு உருகிய நிலையில், பேரலுக்குள்ளேதான், அதாவது ஸ்க்ரூ சுழலும் சூடான குழாய்க்குள்ளேதான் நடக்கிறது. பேரலைச் சூடேற்றுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே திசையில் சுழலும் இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர், அதாவது உருக்கிப் பிசைந்து தள்ளும் மெஷின் வேண்டும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் வேக்வம் வென்ட் உள்ளதாக. ஒற்றை ஸ்க்ரூ மெஷின் உருக்கித் தள்ளும். துளியை உடைக்கிற அளவுக்குப் பிசையாது. சொந்தமாக இல்லையென்றால் ஜாப் வொர்க்குக்குக் கொடுப்பது நல்லது. அதே சரக்கை ஒற்றை ஸ்க்ரூவில் மூன்று முறை ஓட்டுவது தீர்வாகாது, ஒவ்வொரு ஓட்டத்திலும் சங்கிலி அறுந்து பலம் குறையும்.

அப்புறம் ஈரம் நீக்கிய காற்றில் உலர்த்தும் டிரையர் அல்லது வேக்வம் அவன், கிராம் கணக்கில் காட்டும் தராசு, எம்.எஃப்.ஐ. (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று காட்டும் எண்) பார்க்க வசதி, வெப்பநிலை நம்பகமாகக் காட்டும் ஹாட் பிளேட், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர். எம்.எஃப்.ஐ., இழுவிசைச் சோதனைகளை வெளியில் செய்துகொள்ளலாம். சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்ற இடங்களில் அதற்கு வசதி உண்டு.

3. வலையைப் பிரித்தல்

செவுள் வலை பெரும்பாலும் நைலான். இழுவலை பெரும்பாலும் எச்டிபிஇ, அதாவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். கயிறு பிபியாகவோ எச்டிபிஇயாகவோ இருக்கும். மிதவையும் ஈயக் குண்டும் வேறு. முதலில் ஈயத்தையும் மிதவையையும் கையால் அறுத்து எடுங்கள். ஒரே ஒரு ஈயக் குண்டு தப்பினாலும் கிரைண்டர் பிளேடு போய்விடும், சரக்கிலும் ஈயம் கலந்துவிடும்.

பிறகு வலையை வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள். நைலானின் அடர்த்தி 1.13, 1.14 அளவில் இருப்பதால் அது மூழ்க வேண்டும். பிபியும் எச்டிபிஇயும் மிதக்கும்.

இங்கேதான் முதல் தடுமாற்றம். வெட்டிய நைலான் நாரும் மேலே மிதக்கும்! பஞ்சு போன்ற நாருக்குள் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்வதுதான் காரணம். அதைப் பார்த்துவிட்டு "இது நைலானே இல்லை" என்று நல்ல சரக்கை ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டு, நாரை நன்றாகக் கசக்கி அமுக்குங்கள். குமிழிகள் வெளியேறியதும் நைலான் மெல்ல அடியில் போய் உட்காரும்.

மூழ்கியதெல்லாம் நைலான் என்றும் முடிவுகட்ட வேண்டாம். பாலியெஸ்டர் நூலும் மூழ்கும். சந்தேகம் இருந்தால் உப்பு கரையாமல் அடியில் தங்கும் வரை கரைத்த நீரில் போடுங்கள். அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.2. அதில் நைலான் மிதக்கும், பாலியெஸ்டர் மூழ்கும்.

நைலான் 66 கலந்திருந்தால் அடர்த்தியில் தெரியாது. ஹாட் பிளேட்டை 240 டிகிரிக்கு வைத்துச் சில துண்டுகளைப் போடுங்கள். நைலான் 6 சுமார் 220 டிகிரியிலேயே உருகிவிடும். நைலான் 66 உருக 260 வேண்டும், அதனால் அப்படியே கிடக்கும். நாம் பேரலை ஓட்டும் வெப்பத்தில் அது உருகாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், பட்டை அங்கேதான் முதலில் உடையும்.

வெயிலில் பல மாதம் கிடந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் வலையை எடுக்காதீர்கள். அதில் சங்கிலி ஏற்கெனவே அறுந்திருக்கும். இணைப்பான் முகப்பில் பிணைக்குமே தவிர, அறுந்த நைலானை நீளமாக்கித் தராது.

4. உப்பு போகக் கழுவுதல்

கடல் உப்பு பேரலையும் ஸ்க்ரூவையும் அரிக்கும். உப்புத் துகளைச் சுற்றி ஈரமும் தங்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

போதுமா என்று கண்டுபிடிக்க டிடிஎஸ் மீட்டர் போதும். குழாய்த் தண்ணீரின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அலசிய தண்ணீரின் அளவு அதற்குப் பக்கத்தில் வரும்வரை அலசுங்கள். சோப்பும் இதிலேயே போய்விடும், அதுவும் முக்கியம்.

5. நைலானை மட்டும் முதலில் குருணையாக்குங்கள்

நாராக இருக்கும் சரக்கை நேராகக் கலவைக்குக் கொண்டுபோகாதீர்கள். சரக்கை அளந்து உள்ளே விடும் ஃபீடரில் நார் பாலம் போல அடைத்து நிற்கும், ஒரு நிமிடம் வராது, அடுத்த நிமிடம் மொத்தமாக விழும். 70:30 என்று எழுதி வைத்திருப்போம், பேரலுக்குள் வேறு ஏதோ விகிதம் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் நாரைக் கட்டியாக்கி, உலர்த்தி, நைலானை மட்டும் ஒருமுறை உருக்கி, மணலும் தூசியும் வடிகட்டி, குருணையாக எடுங்கள். ஒரு ஓட்டம் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த லாட்டின் எம்.எஃப்.ஐ. இப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும், அடுத்த படிக்கு அது இல்லாமல் முடியாது.

6. பிபியின் இளக்கத்தைப் பொருத்துதல்

உருகிய இரண்டு பொருளின் கெட்டித்தன்மை அருகருகே இருந்தால்தான் துளி எளிதில் உடையும். துளியாக இருக்க வேண்டியது சூழ்ந்திருப்பதைவிட நாலு மடங்குக்கு மேல் கெட்டியாக இருந்தால், வெறும் தேய்ப்பில் அது உடையவே உடையாது, உருண்டு போய்விடும். தோசை மாவில் கட்டி தட்டிய மாவு கரண்டிக்குத் தப்பி ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

மறுபக்கம் பிபி ரொம்ப இளக்கமாக இருந்தாலும் சிக்கல். எடையில் 30% என்றாலும் பிபி லேசான பொருள், கன அளவில் ஏறக்குறைய 35% இடத்தைப் பிடிக்கிறது. இளக்கமான பொருள் மற்றதைச் சுற்றிக்கொள்ளப் பார்க்கும். அப்போது நைலானுக்குள் பிபி என்பது போய், இரண்டும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்ளும். அந்தக் கலவையின் குணம் லாட்டுக்கு லாட் மாறும்.

செய்ய வேண்டியது இதுதான். உலர்ந்த நைலான் குருணை, பிபி இரண்டுக்கும் 235 டிகிரி, 2.16 கிலோ எடையில் எம்.எஃப்.ஐ. பாருங்கள். நைலானின் எண்ணில் பாதிக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் வரும் பிபி கிரேடை எடுங்கள். நைலான் ஈரமாக இருந்தால் இந்த எண் பொய் சொல்லும். ஈரம் சங்கிலியை அறுத்து இளக்கிக் காட்டும்.

7. இணைப்பானின் அளவு

25 கிலோ லாட்டுக்கு நான் தொடங்கும் அளவு: நைலான் 17.5 கிலோ, இணைப்பான் 1 கிலோ, பிபி 6.45 கிலோ, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் 50 கிராம். இணைப்பான் 4% ஆகிறது. 2, 4, 6 என்று மூன்று அளவில் சிறு லாட் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இணைப்பான் பையில் அன்ஹைட்ரைடு எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். பல கிரேடுகளில் அரை முதல் ஒரு சதவீதம் வரை இருக்கும். விலை குறைந்தது என்று வாங்கியதில் அது பாதிதான் இருந்தால், 4% போட்டும் 2% போட்ட பலன்தான் வரும்.

அதிகம் போட்டால் அதிக பலம் என்று நினைப்பது பொதுவான தவறு. துளிகளின் மேற்பரப்பு நிரம்பிய பிறகு மிச்சம் சும்மா கிடக்கும். இணைப்பானைத் தயாரிக்க அன்ஹைட்ரைடை ஒட்டவைக்கும் வினையிலேயே அதன் பிபி சங்கிலி அறுந்து குட்டையாகிவிடுவதால், அந்த மிச்சம் விறைப்பைக் குறைக்கும்.

இன்னொன்று, பிபியில் கால்சியம் ஸ்டியரேட், ஜிங்க் ஸ்டியரேட் போன்ற லூப்ரிகன்ட் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மறுசுழற்சி பிபியில் கால்சியம் கார்பனேட் ஃபில்லரும் இருக்கலாம். இவையெல்லாம் அன்ஹைட்ரைடைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். லூப்ரிகன்ட் கூடுதலாகப் போடும் பழக்கம் இருந்தால் இந்தக் கலவைக்கு நிறுத்திவிடுங்கள்.

8. உலர்த்துதல்: அவசரப்படக் கூடாத இடம்

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1 கிலோ இணைப்பானில் 0.8% அன்ஹைட்ரைடு என்றால், 8 கிராம். 17.5 கிலோ நைலானில் 1% ஈரம் இருந்தால் 175 கிராம் தண்ணீர். மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால் ஒவ்வொரு அன்ஹைட்ரைடுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட தண்ணீர் மூலக்கூறுகள் போட்டிக்கு நிற்கின்றன.

தண்ணீர் பட்ட அன்ஹைட்ரைடு அமிலமாகத் திறந்துகொள்ளும். அமிலம் நைலானின் அமீனோடு அவ்வளவு வேகமாகப் பிணையாது. சூட்டில் மறுபடி மூடிக்கொள்ளும்தான், ஆனால் சரக்கு பேரலுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் எல்லாம் நடந்து முடியாது. தண்ணீர் நைலான் சங்கிலியையும் அறுக்கும், ஆவியாகி நுரையும் கட்டும்.

சாதாரணமாகக் காற்றில் வைத்த நைலான் 6, 2.5 முதல் 3% வரை ஈரம் பிடித்திருக்கும். தண்ணீரில் ஊறினால் 9% வரை போகும். நாம் 0.1%க்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

80 டிகிரியில், ஈரம் நீக்கிய காற்றில் அல்லது வேக்வத்தில் 6 முதல் 8 மணி நேரம் வையுங்கள். தண்ணீர்க் குளியலில் இருந்து வந்த சரக்கு என்றால் இன்னும் கூடும். சீக்கிரம் முடிக்கலாம் என்று வெறும் காற்றில் 100, 110 டிகிரி வைத்தால் நைலான் மஞ்சளாகும். அந்த மஞ்சள், மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டதற்கு அடையாளம்.

ஹாப்பர் மேல் பொருத்தும் சாதா ஹாட் ஏர் டிரையரை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். அது வெளிக்காற்றை எடுத்துச் சூடாக்கி ஊதுகிறது. ஐப்பசி மழையில் சென்னைக் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஈரம் முழுவதும் டிரையருக்குள் வருகிறது. எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு அளவுக்குக் கீழே ஈரம் இறங்காது.

ஈரமானி இல்லையென்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. ஹாட் பிளேட்டில் 260 டிகிரிக்கு மேல் இரண்டு கண்ணாடிச் சில்லுகளைச் சூடாக்கி, ஒன்றின் மேல் நாலைந்து குருணையை வைத்து, மற்றதால் மூடி அழுத்துங்கள். குருணை அப்பளம் போலப் பரவும். உள்ளே ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாகத் தெரிந்தால் ஈரம் இருக்கிறது. தெளிவாக இருந்தால் ஓட்டலாம். உலர்ந்த லாட்டை எப்போதும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், கண் பழகிவிடும்.

இணைப்பானையும் உலர்த்துங்கள். திறந்த பையில் மாதக்கணக்கில் கிடந்தது என்றால் 80 டிகிரியில் நாலு மணி நேரம் வைக்கலாம். உலர்ந்த நைலானைத் திறந்த டப்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நேராக மூடிய ஹாப்பருக்கு, அல்லது ஈரம் புகாத ஃபாயில் பைக்கு.

9. பேரலில் கலப்பது

பிபி, இணைப்பான், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் மூன்றையும் முதலில் ஒரு பையில் போட்டுக் குலுக்கிக் கலந்துகொள்ளுங்கள். இணைப்பான் பிபியோடு சேர்ந்து உருகினால்தான் துளியின் மேற்பரப்பில் சரியாக உட்காரும். நைலானைத் தனி ஃபீடரில் விடுவது நல்லது. ஒரே ஃபீடர்தான் என்றால், உலர்த்தி முடித்த கையோடு கலந்து உடனே விடுங்கள்.

வெப்பம் ஃபீடு பக்கம் 200ல் தொடங்கி, நடுவில் 235, சரக்கு வெளியே வரும் வாயான டையில் 230 டிகிரி. பேனலில் காட்டும் எண்ணைவிட உருகிய சரக்கு 10, 20 டிகிரி அதிகமாகவே இருக்கும், ஸ்க்ரூ பிசைவதே சூட்டை உண்டாக்குகிறது. 260ஐத் தாண்டவிடாதீர்கள், பிபி சங்கிலி அறுந்துவிடும். சரக்கு பழுப்பாக மாறினால் முதலில் ஸ்க்ரூ வேகத்தைக் குறையுங்கள், ஹீட்டரை அப்புறம் பார்க்கலாம்.

வேக்வம் வென்ட் முழு நேரமும் ஓட வேண்டும். மிச்ச ஈரம், வினையில் வெளியாகும் தண்ணீர், ஒட்டாத மேலிக் அன்ஹைட்ரைடு எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், நல்ல காற்றோட்டம் கட்டாயம்.

இணைப்பான் இல்லாமலும் ஒரு இரண்டு கிலோ ஓட்டி எடுத்து வையுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். அடுத்து வரும் எல்லாச் சோதனைக்கும் இதுதான் அளவுகோல்.

டையில் இருந்து வரும் இழை, அதாவது ஸ்ட்ராண்ட், குளிரவைக்கும் தண்ணீரில் இருக்கும் தூரத்தைக் குறையுங்கள். கட்டருக்குப் போகும்போது வெதுவெதுப்பாக, மேல் ஈரம் ஊதித் தள்ளப்பட்டு இருக்க வேண்டும். நைலான் குளியலிலேயே ஈரம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

10. வினை நடந்ததா என்று பார்ப்பது

முதல் அடையாளம் எம்.எஃப்.ஐ. இணைப்பான் போட்ட லாட்டின் எண், போடாததைவிடக் குறைந்திருக்க வேண்டும். சங்கிலிகள் பிணைந்தால் ஓட்டம் கனக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தால் பேரலுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஃபார்மிக் அமிலச் சோதனை. மோலாவ் சோதனை என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இது. செலவு குறைவு, பதில் கண்ணுக்கு நேராகத் தெரியும். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் 10 மில்லி அடர் ஃபார்மிக் அமிலம் விட்டு, ஒன்றில் இணைப்பான் போட்ட குருணை, மற்றதில் போடாதது, தலா 0.2 கிராம் துண்டாக்கிப் போட்டு மூடி, அவ்வப்போது ஆட்டி ஒரு நாள் வையுங்கள்.

நைலான் ஃபார்மிக் அமிலத்தில் கரையும், பிபி கரையாது. இணைப்பான் போடாத குழாயில் அடியில் தெளிந்த கரைசல் நிற்கும், பிபி மேலே ஏடாக ஒதுங்கியிருக்கும். வினை நடந்த குழாயில் முழுவதும் பால் போல வெள்ளையாக இருக்கும், மறுநாளும் தெளியாது. நைலானோடு பிணைந்த பிபி துகள்கள் பிரிய முடியாமல் கரைசலிலேயே தொங்கிக்கொண்டிருப்பதுதான் அந்த வெண்மை.

இந்த அமிலம் தோலைப் பொசுக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த காற்று மூன்றும் இல்லாமல் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

11. பட்டை எடுத்துப் பலம் பார்ப்பது

மோல்டிங்குக்கு முன் மறுபடி 80 டிகிரியில் நாலு மணி நேரம் உலர்த்துங்கள். பேரல் 230 முதல் 245, மோல்ட் 60 முதல் 80 டிகிரி. குருணையில் சிறிதாக இருந்த துளிகள் இங்கே மறுபடி உருகும்போது ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகப் பார்க்கும். பிணைப்பு இருந்தால் சேராது. அதனால் குருணையை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது.

இழுவிசைக்கு ஐஎஸ்ஓ 527, தட்டுப் பலத்துக்கு ஐஎஸ்ஓ 180. உடையும் முன் எவ்வளவு நீள்கிறது என்ற எண்ணை முதலில் பாருங்கள். ஒட்டாத கலவையில் இது படுமோசமாக இறங்கும். விறைப்பு எண் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம், அதை வைத்து ஏமாற வேண்டாம்.

இன்னொரு பெரிய தவறு: இன்று எடுத்த பட்டையைப் போன வாரம் எடுத்த பட்டையோடு ஒப்பிடுவது. நைலான் காற்றில் இருந்து ஈரம் பிடித்து நாளுக்கு நாள் இளகும், தட்டுப் பலம் கூடும். பழைய பட்டை "நன்றாக" இருப்பதற்கு இணைப்பானுக்குச் சம்பந்தமே இருக்காது. எல்லாப் பட்டையையும் ஒரே நாளில் எடுத்து, ஃபாயில் பையில் அடைத்து, ஒரே நாளில் சோதியுங்கள்.

12. தட்டுப் பலம் மட்டும் போதவில்லை என்றால்

நீட்சி வந்துவிட்டது, வெட்டுப் போட்ட பட்டை மட்டும் ஒரே தட்டில் உடைகிறது என்றால், இணைப்பானைக் கூட்டிப் பயனில்லை. மேலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய ரப்பர், எஸ்இபிஎஸ் அல்லது பிஓஇ வகை, 5 முதல் 10% சேர்க்க வேண்டும். அதற்கு விலையாக விறைப்பும் இழுவிசையும் இறங்கும். பாகம் என்ன வேலைக்கு என்று கேட்டுக்கொண்டு அளவை வையுங்கள்.

13. பழுது வந்தால் எங்கே பார்ப்பது

மோல்டுக்குள் சரக்கு நுழையும் வாயான கேட் பக்கம் தோல் உரிந்தால் உலர்த்தல், இணைப்பானின் அன்ஹைட்ரைடு அளவு, இந்த வரிசையில் பாருங்கள். ஸ்ட்ராண்ட் நுரைத்தால் நைலானில் ஈரம், அல்லது வேக்வம் அடைத்திருக்கிறது. ஸ்ட்ராண்ட் அடிக்கடி அறுந்தால் உருகாத துண்டு, மணல், அல்லது ஃபீடு சீராக இல்லை. உடைந்த முகத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஹாட் பிளேட்டுக்குத் திரும்புங்கள், நைலான் 66 புகுந்திருக்கும்.

ஒரு லாட் சரியாக வந்து அடுத்தது வரவில்லை என்றால் கூட்டுப்பொருளை மாற்றாதீர்கள். எந்த வலை, எத்தனை மணி நேரம் உலர்ந்தது, அன்று மழையா, நைலானின் எம்.எஃப்.ஐ. என்ன என்ற நாலையும் ஒவ்வொரு பையிலும் மார்க்கரால் எழுதி வைத்திருந்தால், இரண்டு பையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.